தெரியாதுசாமி

பௌர்ணமி சாயங்காலம். ஆவுடையப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார். குரு மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர்.

"ஊருக்குப் போறேம்மா. முடிவு பண்ணிட்டேன்."

"இன்னைக்கும் பலகையில உட்கார வேண்டியது நீங்கதானே?"

"அதனாலதான் போறேன்."

அந்தக் குருகுலத்தில் ஒரு வழக்கம். பௌர்ணமியன்று ஒரு சீடர் பலகையில் உட்கார்ந்து ஊர்மக்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும்தான் சொல்லலாம்.

ஆவுடையப்பன் ரயில் நிலைய விசாரணை கவுண்டரிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். 'தெரியாது' என்ற சொல்லே வாயில் வராத மனுஷன். போன பௌர்ணமியில் வசமாக மாட்டிக்கொண்டார். செத்த பிறகு என்ன ஆகும்? தெரியாது. மறுபிறவி உண்டா? தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், "எம்புள்ளைய ஏன் எடுத்துக்கிட்டான்?" என்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான். கூட்டம் சிரித்தது. மறுநாளே ஊர் அவருக்குத் 'தெரியாதுசாமி' என்று பெயர் வைத்துவிட்டது.

"கடைக்குப் போனாக்கூட அந்தப் பேர்தான். மானம் போகுதும்மா."

"நைஸ்னா என்னங்கய்யா?" என்றார் குரு.

"இங்கிலீஷ் நைஸா? நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"எதுக்கெல்லாம் சொல்றோம்?"

"காபி நைஸ். புடவை நைஸ். நைஸான மனுஷன்."

"பழைய லத்தீன்ல அதோட மூலச் சொல்லுக்குத் 'தெரியாதவன்'னு அர்த்தம்."

ஆவுடையப்பன் பையை மறுதோளுக்கு மாற்றினார். "விளையாடாதீங்கம்மா."

"நிசமாத்தான். பிரெஞ்சு வழியா இங்கிலாந்துக்கு வந்தப்போ, மடையன்னு திட்டத்தான் வச்சிருந்தாங்க. அப்புறம், எதுலயும் குறை கண்டுபிடிக்கிறவனை அப்படிச் சொன்னாங்க. அப்புறம், நுணுக்கமா பார்க்கிறதைச் சொன்னாங்க. ரொம்பக் காலம் கழிச்சுத்தான் காபிக்கு வந்துச்சு."

"யார் மாத்தினது?"

"யாரும் உட்கார்ந்து மாத்தலை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அது போச்சு."

"எவ்வளவு நாளாச்சு?"

"பல நூறு வருஷம்."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு அறுபது தாண்டியாச்சு! அவ்வளவு நாளுக்கு நான் எங்க போவேன்?"

குரு மண்டபத்தின் பக்கம் கையைக் காட்டினார். கூட்டம் சேர்ந்திருந்தது. முன்வரிசையில் பிள்ளையை இழந்த அந்தத் தாய்.

"அந்தம்மா மத்தியானமே வந்துட்டாங்க. தெரியாதுசாமி இருக்காரான்னு கேட்டாங்க."

"திரும்பவும் சிரிக்கவா?"

"அவங்க அன்னைக்கும் சிரிக்கலை. சொந்தபந்தம், சோசியர், சாமியார்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டாங்களாம். தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானாம். உங்க முன்னால கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகணுமாம்."

ஆவுடையப்பன் பையைக் கீழே வைத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்டபத்தை நோக்கி நடந்தவர், பாதியில் நின்று திரும்பினார்.

"அதையே மறுபடி கேட்டா என்னம்மா சொல்றது?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை" என்றார் குரு.