செம்பிக்கு மொக்கன் கட்டிய கால்

செம்பி என்ற புள்ளிமானும் மொக்கன் என்ற குரங்கும் ஒரே காட்டில் சிறுவயது முதலே சிநேகிதர்கள்.

நாவல் பழக் காலம் வந்தது. மான்கள் எல்லாம் குளக்கரை நாவல் மரத்தடியில் கூடிவிட்டன. செம்பி மட்டும் போகவில்லை. வேடன் வைத்த கண்ணியில் சிக்கி மீண்டதிலிருந்து அவளுடைய பின்னங்கால்கள் தள்ளாடின.

"அப்போதெல்லாம் என்ன ஆட்டம் போட்டோம், மொக்கா! நீ மேலேயிருந்து கிளையை உலுக்குவாய். நாங்கள் ஊதா வாயோடு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்போம். பிறகு வரிசையாகக் குனிந்து தண்ணீர் குடிப்போம். இன்னொரு தடவை அவர்களோடு நிற்க மாட்டேனா என்று இருக்கிறது" என்று கண் கலங்கினாள்.

மொக்கனுக்கு மனசு பொறுக்கவில்லை. "கவலையை விடு! நான் உனக்குக் கால் கட்டித் தருகிறேன்!" என்று துள்ளினான்.

எப்படிப்பட்ட கால் வேண்டும் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டானா? மூச்! மூங்கிலை வளைத்தான். அவளுடைய பின்னங்கால்களில் வைத்துக் கொடியால் இறுக்கினான். முதுகின் மேலே முடிச்சுப் போட்டான். குரங்குக்குத் தாவுவதுதானே பெருமை? அதனால் தாவுகிற கால் செய்துவிட்டான்.

குளத்துக்குப் போகச் செம்பி அடி எடுத்து வைத்ததும் மூங்கில் அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கடகட! லொடலொட! அந்தச் சத்தத்தில் மான் கூட்டம் மிரண்டு சிதறியது.

"நான்தானடி, செம்பி!" என்று கத்தினாள். யார் காதில் விழும்?

குளக்கரையை எட்டித் தண்ணீர் குடிக்கக் குனிந்தாள். மூங்கில் குனிய விடவில்லை. சேற்றில் குப்புற விழுந்தாள். கழற்றலாம் என்றால் முடிச்சு முதுகில். மானுக்குக் கை ஏது?

மொக்கன் ஓடி வந்து அவிழ்த்தான். "எவ்வளவு உயரம் தாவினாய், பார்த்தாயா!" என்றான்.

"தாவி எங்கேயடா போகப் போகிறேன்? என் கூட்டமே என்னைக் கண்டு ஓடுகிறது!" என்று அழுதாள் செம்பி.

மொக்கனுக்குச் சுருக்கென்றது. "சரி, உனக்கு எப்படி வேண்டும்? நீயே சொல்" என்றான்.

"மெதுவாகப் போனால் போதும். பாரம் வேண்டாம், சத்தமும் வேண்டாம். குனிய முடிய வேண்டும். நானே மாட்டி நானே கழற்ற வேண்டும்!"

இந்தத் தடவை மெல்லிய பிரம்பை எடுத்தான். உள்ளே இலவம் பஞ்சு வைத்தான். பல்லால் இழுத்தால் அவிழும்படி விலாப் பக்கம் நாரால் முடிச்சுப் போட்டான். "இங்கே உறுத்துகிறது" என்றாள் செம்பி. தளர்த்தினான். "இப்போது?" என்று மறுபடியும் கேட்டான்.

சாயங்காலம் செம்பி அசைந்து அசைந்து குளத்துக்குப் போனாள். யாரும் ஓடவில்லை. யாரும் உற்றுப் பார்க்கவும் இல்லை. பழைய தோழி ஒருத்தி மட்டும், தண்ணீரிலிருந்து வாயை எடுக்காமலே, கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

ஒருவருக்கு உதவ நினைத்தால், நமக்குப் பெருமையாகத் தோன்றுவதைச் செய்யக் கூடாது. அவருக்கு வேண்டியதை அவரிடமே கேட்டுச் செய்ய வேண்டும்.