தீட்டு நாளில் எரிந்த விளக்கு

நீர்ப்பெரும்பாக்கத்து ஏரியில் படகு விடுகிறவர் எவரும் கரைகாத்த பெருமாள் கோயிலருகே நிற்கும் கலங்கரை விளக்கத்தைக் கும்பிடாமல் கடப்பதில்லை. இன்று அதில் மின்விளக்கு சுழல்கிறது. வெறும் செங்கல் கோபுரமாக அது இருந்த காலத்தில் உச்சியில் அகல் ஏற்றியவர் தேசப்பர். பகலெல்லாம் பிறர் வலையை அலசிக் கொடுத்துப் பிழைப்பார். பொழுது சாய்ந்ததும் குளித்துவிட்டு, "பெருமாளே, எல்லாரையும் கரை சேத்துடு" என்று சொல்லிக்கொண்டே படியேறுவார். விளக்குப் பைத்தியம் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

ஓர் ஐப்பசியில் கோயில் தர்மகர்த்தா காலமானார். கோயில் தெருவில் பிணம் கிடந்தால் நடையைச் சாத்திவிடுவார்கள். அதை எடுக்கும்வரை கோபுரத்திலும் விளக்கு எரியக் கூடாது. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் திருமலையோ அக்கரையிலிருந்து படகில் வந்துகொண்டிருந்தான். அந்நேரம் பார்த்துப் புயல் பிடித்துக்கொண்டது. மகன் வராமல் பிணத்தை எடுக்க முடியாது. எடுக்காமல் விளக்கேற்ற முடியாது. விளக்கில்லாமல் கரையோரப் பாறைகளைத் தாண்டி மகன் எப்படி வருவான்?

இருட்டிக்கொண்டு வந்தது.  தேசப்பர் இறந்தவரின் தம்பி வரதய்யாவிடம் ஓடினார்.

"ஐயா, புள்ள ஏரில கெடக்குது. வெளக்க ஏத்திடறேன்."

"தீட்டோட ஏத்தினா சாமி சும்மா விடுமா? ஊரே அழிஞ்சிடும்டா! படியில கால வச்சே, அப்புறம் இந்த ஊர்ல உனக்கு எடமில்ல."

சாமி கோபிக்குமே என்ற பயம் தேசப்பருக்கும் இருந்தது. ஏரியின் இரைச்சல் அதைவிடப் பயமாக இருந்தது. கோயில் எண்ணெய் பூட்டிய நடைக்குள் இருந்ததால், மனைவி அஞ்சலை சமையலுக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு ஏறினார்.

"பெருமாளே, பாவம்னா என் தலையோட போவட்டும். அந்தப் புள்ளைய விட்டுடாதே!" என்று அழுதபடியே ஏற்றினார். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றி, முதுகைக் கொடுத்து மறைத்தார். காற்று சுழன்று எதிர்ப்பக்கம் வந்தது. இருப்பது ஓர் உடம்புதானே, ஐயோ! கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்து பார்க்கவே அஞ்சினார். ஆனால் சுடர் அணையவில்லை.

படகு கரை தட்டியதும் திருமலை ஈர வேட்டியோடு ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க முதுகால மறச்சத வெளிச்சத்துல பாத்தேன். எதிர்ல ஒருத்தர் உள்ளங்கையால மறச்சிக்கிட்டு நின்னாரே, அவர் யாரு?"

"நான் மட்டுந்தானே தம்பி இருந்தேன்" என்றார் தேசப்பர். அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

பிணத்தை எடுத்தபின் நடை திறந்தார்கள். பட்டர் விளக்கை உயர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். அபயம் காட்டும் பெருமாளின் உள்ளங்கையில் புதிதாய்ப் புகைக்கரி படிந்திருந்தது. தீட்டோடு வாசலுக்கு வெளியே நின்ற வரதய்யா அதைக் கேட்டதும் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தேசப்பர்முன் விழுந்தார்.

அன்றுமுதல் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த விளக்குக்கு மட்டும் தீட்டில்லை. நடுங்கிக்கொண்டே படியேறிய தேசப்பரின் திருவடி வாழ்க!