மூன்று நல்ல சேதி

மருதங்குளத்தில் பறவைகள் ஒரு மீன்பிடி நிறுவனம் நடத்தின. நீர்க்காகங்கள் மீனை விரட்டிப் பிடிக்கும். ஆள்காட்டிக் குருவி காவல் காக்கும். நரி வந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. கரைச் சரளையில் அது நான்கு முட்டைகள் இட்டிருந்தது. தலைவர் கூழைக்கடாவார் வேலை எதுவும் செய்யமாட்டார். அதனால்தான் தலைவர்!

ஒருநாள் அவர் மரங்கொத்தியைக் கூப்பிட்டு, கரையோர மரத்தில் பெரிதாகக் கொத்தவைத்தார்: "நாம் ஒரே குடும்பம்! இங்கே யாரும் பயமின்றிப் பேசலாம்!"

மறுநாளே நரி வந்தது. ஆள்காட்டி கத்தியது. எல்லாப் பறவைகளும் பறந்து தப்பின. கூழைக்கடாவாருக்கு மட்டும் முகம் கடுகடுத்தது.

"சீ, என்ன அபசகுனக் குரல்! இனிமேல் மூன்று நல்ல சேதி சொல்லிவிட்டுத்தான் கெட்ட சேதி சொல்ல வேண்டும். அதுதான் நம் பண்பாடு!"

"ஐயா, அதற்குள் நரி வந்துவிடுமே!"

"மறுபடியும் நரிப் பேச்சா? இன்னொரு முறை கத்தினால் கரையைக் காலி பண்ணு!"

"அருமை, ஐயா!" என்று நீர்க்காகங்கள் சிறகு தட்டின. சற்றுமுன் அந்தக் கத்தலால் உயிர் தப்பியவைதான். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

ஆள்காட்டி தன் முட்டைகளைப் பார்த்தது. அவற்றைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்? வாயை மூடிக்கொண்டது.

நான்காம் நாள் நாணல் அசைந்தது. நரி! ஆள்காட்டிக்குக் கத்தல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு தலைவரிடம் ஓடியது.

"ஐயா, தண்ணீர் தெளிவாக இருக்கிறது!"

"பேஷ்!" கூழைக்கடாவார் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார்.

"கெண்டை நன்றாகக் கொழுத்திருக்கிறது! ஐயா, உங்கள் பின்னால்..."

"மூன்றாவது எங்கே?"

"உங்கள் அலகு... இன்று பளபளக்கிறது, ஐயா!"

"ஆகா! இப்போது சொல், என்ன விஷயம்?"

சொல்லத் தேவையே இருக்கவில்லை. விஷயமே வந்து அவர் கழுத்தைக் கவ்விவிட்டது.

"நரி ஐயாவை இழுத்துக்கொண்டு போகிறது!" என்று ஆள்காட்டி கதறியது.

எதிர்க்கரைக்கு ஓடியிருந்த நீர்க்காகங்கள் அதட்டின: "உஷ்! முதலில் மூன்று நல்ல சேதி!"

ஆள்காட்டி போய்த் தன் முட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டது. அன்றுமுதல் அது அந்த நான்குக்கு மட்டும்தான் காவல்.

மரத்தில் எதைக் கொத்திவைத்தாலும் சரி, உண்மை சொல்பவரை ஒரு நிறுவனம் எப்படி நடத்துகிறதோ அதுவே அதன் பண்பாடு.