ஏரியல் கம்பி

கத்தரீன் டீச்சரிடம் கேள்வி கேட்கப் போனவர்கள் பதிலோடு திரும்பியதாக எங்கள் தூத்துக்குடியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏதாவது ஒரு வேலையோடுதான் திரும்புவார்கள். மாதா கோயில் பாடகர் குழுவுக்கு எத்தனையோ வருஷமாக அவர்தான் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். அதையும் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார். "இந்த இடத்தை எப்படிப் பாடணும் டீச்சர்?" என்று கேட்டால், "போய் நாலு தடவை தப்பாப் பாடிட்டு வா" என்பார்.

தொம்மை அவரிடம் சின்னப் பையனாக வந்து சேர்ந்தவர். இப்போது நாற்பத்தாறு வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், காதோரம் நரைத்துவிட்டது. இன்னும் டீச்சருடைய மாணவன்தான். குழுவில் கட்டைக்குரல் என்றால் தொம்மை குரல்தான்.

ஒரு நாள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

டீச்சர் பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். "ஏன், ரெனிட்டா என்னத்தைக் கேக்கா?"

ரெனிட்டா தொம்மையின் ஒரே மகள். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தாள்.

"என்னத்தைக் கேக்கா? பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் ஊர்ப்பேரு சொல்லுத மாதிரி ஒருத்தன் மூச்சுவிடாமப் பேசுதான். அதுக்குப் பேரு பாட்டாம்! பல்லு விளக்கும்போதே ஆரம்பிச்சிருதா. அவன் பேச, இவ கூடவே கத்த, ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்த மனுஷன் கண்ணை மூட முடியலை. நம்ம குழுவுல என் பக்கத்துல நின்னு பாடுன பிள்ளை டீச்சர். இப்ப பிராக்டிஸுக்கு வான்னா வர மாட்டேங்கா."

"அது என்ன பாட்டு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

தொம்மை சொன்னதைச் செய்கிற ஆள். அதிலும் டீச்சர் சொன்னால் ஒரு படி கூடுதலாகவே செய்கிற ஆள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கிரேனுக்கு மேலே, கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பல்காரன் கைகாட்டும்வரை சும்மா இருக்கிற நேரத்தில் அந்தப் பாட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டார். வார்த்தைகளை எழுதிக்கொண்டார். இதுக்கு ராகம் எங்கே என்று தேடினார். கிடைக்கவில்லை. குழுவில் பாடிப் பாடிப் பழகின மனுஷனுக்கு ராகமில்லாமல் ஒரு பாட்டை விட்டுவைக்க மனசு வருமா? சரி, நாமே போட்டுவிடுவோம் என்று போட்டுவிட்டார்.

ரெனிட்டாவின் பிறந்தநாள் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கேக் வெட்டி முடித்ததும் தொம்மை நடுவே வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அப்பா இப்ப உங்க பாட்டு ஒண்ணு பாடப் போறேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். ரெனிட்டாவுக்குக்கூட முகமெல்லாம் சிரிப்பு. தொம்மை கண்ணை மூடிக்கொண்டு, பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் பாடுகிற மாதிரி, அந்தப் பாட்டை இழு இழு என்று இழுத்துப் பாடினார். பிள்ளைகள் முதலில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் பொத்த முடியவில்லை. ஒரு பையன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான்.

பாடி முடித்த தொம்மை அத்தோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா பிள்ளை? இப்பத்தான் இது பாட்டு மாதிரி இருக்கு."

ரெனிட்டா கேக் தட்டைக் கையில் எடுத்தாள். எல்லோருக்கும் கேக் எடுத்துக் கொடுத்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். மறுநாள் காலையில் அவள் பல்லு விளக்கும்போது குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். தொம்மைக்கு இப்போது தூங்குவதற்கு எந்த இடைஞ்சலும் இல்லை. தூக்கம்தான் வரவில்லை.

ஒரு மாதம் போனது. ரெனிட்டா தன் அம்மாவிடம் சொன்னாள்: "நான் மதுரையில சித்தி வீட்டுல இருந்து ப்ளஸ் ஒன் படிக்கேன்." தொம்மை அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஒரே பைக்கில், ஒரு பேச்சும் இல்லாமல், கோயிலுக்குப் பக்கத்திலிருக்கிற பிராக்டிஸ் ஹாலுக்கு வந்தார்கள். ரெனிட்டா டீச்சரிடம் மதுரைக்குப் போகிற விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் அவள் நெற்றியில் சிலுவை போட்டு, "நல்லா இரு" என்றார். அவள் வெளியே மதிலோரம் நின்ற தோழிகளிடம் போய்விட்டாள்.

மற்றவர்கள் இன்னும் வரவில்லை. ஹாலில் டீச்சரும் தொம்மையும் மட்டும்தான்.

"நீங்க சொன்னதைத்தான டீச்சர் செஞ்சேன்?"

"பாட்டைத் தெரிஞ்சுக்கிட்டு வான்னேன். திருத்திக்கிட்டு வான்னு நான் எப்ப சொன்னேன்?"

தொம்மை பெஞ்சில் உட்கார்ந்தார். கட்டைக்குரல் உடைந்து போய்க் கேட்டார்: "வீடு வீடாவே இல்லை டீச்சர். ஒரு சத்தம் இல்லை. இவளும் போயிட்டா நான் என்ன செய்வேன்? மாதா சத்தியமாச் சொல்லுதேன், அந்தப் பாட்டு எனக்கு ஆகலை. எத்தனை தடவை கேட்டும் ஆகலை. ஆன மாதிரி நடிக்கவா?"

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"எங்க அப்பா கோயில்ல ஆர்மோனியம் வாசிச்சவரு, உனக்குத் தெரியும். சினிமாப் பாட்டுன்னா அவருக்கு ஆகவே ஆகாது. கூத்துன்னுதான் சொல்லுவாரு. எனக்கு அப்ப ரெனிட்டா வயசு. இலங்கை வானொலின்னா உசிரு. மொட்டைமாடியில ஒரு மூங்கில் கம்புல ஏரியல் கம்பியைக் கட்டி, அங்கயிருந்து வயரு கீழ ரேடியோவுக்கு வரும்."

"சரி."

"ஒரு ஐப்பசி மாசம், சாயங்காலம். காத்து அடிச்ச அடியில கம்பு சாஞ்சு போச்சு. எனக்குத் தெரியாது. நான் ரேடியோ கூடவே பாடிக்கிட்டு இருக்கேன், திடீர்னு ஒரே இரைச்சல். குமிழைத் திருகுதேன், தட்டுதேன், ஒண்ணும் நடக்கலை. சரி, போச்சுன்னு உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல பாட்டு பளிச்சுனு வந்துச்சு. நானும் திரும்பப் பாட ஆரம்பிச்சேன். அந்தப் பாட்டு முடிஞ்சு அடுத்ததும் முடிஞ்சுது. எல்லாம் தெளிவா வந்துச்சு."

"யாராவது கம்பை நட்டாங்களா?"

"நானும் அப்படித்தான் நினைச்சு மேல போய்ப் பாத்தேன். தூத்தல் விழுது. அப்பா சட்டையெல்லாம் நனைஞ்சு, கம்பியைக் கையால தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்காரு."

தொம்மை நிமிர்ந்து உட்கார்ந்தார். "சினிமாப் பாட்டுக்கா?"

"சினிமாப் பாட்டுக்குத்தான். எனக்கு எத்தனையோ மாதா பாட்டு சொல்லிக்குடுத்தவரு. அதுக்கெல்லாம் நன்றி உண்டு. ஆனா தினமும் செபத்துல அவரை நினைக்கும்போது எனக்குக் கண்ணு நிறையுறது அந்தத் தூத்தல்ல நின்ன மனுஷனுக்குத்தான்."

"அப்ப அவருக்கும் அந்தப் பாட்டெல்லாம் ஆகிப் போச்சா டீச்சர்?"

"எங்க? சாகுற வரைக்கும் ஆகலை. கூத்துன்னேதான் சொன்னாரு."

"பெறகு எதுக்கு அப்படி நின்னாரு?"

"நானும் அங்கேயே கேட்டேன். உங்களுக்குத்தான் ஆகாதே, எதுக்குப்பா நனையுதீங்கன்னு."

"என்ன சொன்னாரு?"

"இரைச்சல் வந்ததும் நீ பாடுததை நிறுத்திட்டியேம்மான்னாரு."

தொம்மை கதவு வழியாக மகள் நின்ற பக்கம் பார்த்தார்.

வெளியே மதிலோரம் யாரோ போனில் பாட்டைப் போட்டார்கள். கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்லுகிற அதே பாட்டுதான். தோழிகள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்சம் தயங்கி, இன்னொரு குரலும் சேர்ந்தது. எத்தனை குரலுக்கு நடுவிலும் தொம்மைக்கு அந்தக் குரல் தெரியும். ஒரு மாதமாக அவர் வீட்டில் கேட்காத குரல். எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது, எங்கே சிரித்துக்கொண்டே வார்த்தையை விட வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. மாதாவே, நன்றி தாயே என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

குழுவில் இரண்டு பேர் கதவருகே வந்து நின்றார்கள். டீச்சர் விரலை உதட்டில் வைத்து அவர்களை அப்படியே நிறுத்திவிட்டார்.

பாட்டு பாதியில் இருக்கும்போது ரெனிட்டா, அது ஓடிக்கொண்டிருந்த தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே உள்ளே வந்தாள். எல்லோரும் நிற்பதைப் பார்த்ததும் அவள் குரல் நின்றது.

"பிராக்டிஸ் ஆரம்பிக்கப் போகுதா? சாரி டீச்சர்" என்று பாட்டை நிறுத்த விரலைக் கொண்டுபோனாள்.

"நிறுத்தாத பிள்ளை" என்றார் தொம்மை. "பாடி முடி."