விளம்பர விலைக்கு ஒரு கம்ப்யூட்டர்

தென்காசி பஜாரில் வடிவு நடத்திய கம்ப்யூட்டர் கடை, உலகநாதன் அண்ணாச்சியின் கட்டடத்தில் இருந்தது. அந்த உரிமையில் அவர் ஒரு வாரமாகத் தன் பிள்ளைகளை அங்கே உட்காரவைத்து, விற்க வைத்திருந்த கம்ப்யூட்டரில் ஓசியில் பழக்கினார். பிறகு ஒருநாள் பத்திரிகை விளம்பரத்தோடு வந்து, பஜாரே கேட்கக் கத்தினார்.

“தபால்ல வாங்கினா மூவாயிரம் கம்மி. நீ கொள்ளையா அடிக்கே? இதே விலைக்குக் கொடு, கடையில இரு. இல்லேன்னா இன்னைக்கே காலி பண்ணு!”

வடிவு அதைக் கையில் வாங்கினாள். விளம்பரத்தை ஓர் எழுத்து விடாமல் படித்தாள்.

“சரி அண்ணாச்சி. அதே விலை, அதே மாதிரி வியாபாரம். முழுப் பணமும் முன்னாடியே தரணும்னு போட்டிருக்கு.”

அண்ணாச்சி ஜெயித்த களிப்பில் எண்ணிக் கொடுத்தார். வாங்கியதும் அவள் உள்ளே போய் ஷட்டரை இழுத்துவிட்டாள்.

“ஏட்டி, மெஷின் எங்க?”

“ஆறு வாரத்துல தபால்ல வரும்னு போட்டிருக்கு.”

“ஓட்டிக் காட்ட வேண்டாமா?”

“விளம்பரத்துல அப்படி இல்லையே.”

“கெட்டுப்போனா?”

“உங்க செலவுல பார்சல் கட்டி அனுப்புங்க.”

“என் பணத்தைக் கொடுட்டி!”

“அதுக்குக் கடுதாசி போடுங்க அண்ணாச்சி.”

பஜாரே சிரித்தது. அண்ணாச்சி முகம் கறுத்து, “கடை விலையே தந்து தொலைக்கேன், திற!” என்றார்.

மீதி மூவாயிரம் ஷட்டருக்கு அடியில் வந்த பிறகுதான் அவள் திறந்தாள். அவரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அவர் கேட்ட விலைக்கு நான் கொடுத்தேனா, இல்லையா?”

“கொடுத்தே தாயி! அவருதான் வேண்டாம்னுட்டாரு.”

“அப்போ இனி காலி பண்ணுங்கிற பேச்சு வரக் கூடாது.”

அண்ணாச்சி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.