மருதமரத்து வரிசையும் பேச்சியின் வெற்றிகளும்

கூத்தன்காட்டு ஏரி பங்குனி பிறந்ததும் வற்றிவிடும். நடுவில் ஒரு மடு மட்டும் காயாமல் கிடக்கும். மற்றதெல்லாம் பாளம் பாளமாக வெடித்த மண். அந்த மண்ணில்தான் காட்டு விலங்குகள் பந்து விளையாடும்.

கோரைப்புல்லை உருட்டி, கொடியால் இறுக்கி வரிந்து கட்டிய பந்து. கரைக்கு ஓர் அணி. காலால் உதைக்கலாம், தலையால் முட்டலாம். பல்லும் நகமும் மட்டும் கூடாது. ஆட்டப் பருவத்தில் செந்நாயும் முயலும் ஒரே மண்ணில் ஓடுவது அந்த ஏற்பாட்டினால்தான்.

ஏரிக்கரையில் ஒரு மருதமரம் உண்டு. ஒவ்வோர் அணிக்கும் ஒரு கொடி. அது மரத்தில் ஒரு கிளையில் தொங்கும். மேலே தொங்கினால் பெரிய அணி, கீழே தொங்கினால் சின்ன அணி. ஆட்டம் முடிந்ததும் அழகுமணி என்ற மந்தி மரத்தில் ஏறும். கீழே இருந்த அணி மேலே இருந்த அணியை வென்றிருந்தால், இரண்டு கொடிகளையும் அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டும். வென்றவர் தோற்றவரின் கிளைக்கு ஏறுவார்; தோற்றவர் வென்றவரின் கிளைக்கு இறங்குவார். அடிக்கிளையில் இருக்கும் அணி நேராக உச்சிக்கிளை அணியோடு மோத முடியாது.

இது வெறும் பெருமைக்கு அல்ல. பருவம் முடிந்தபின், கோடை முழுக்க மடுவில் தண்ணீர் குடிக்கும் முறை இந்த வரிசைப்படிதான். உச்சிக்கிளைக்காரர்கள் முதலில் குடிப்பார்கள். அடிக்கிளைக்காரர்களுக்கு, மற்றவர்கள் எல்லாம் கலக்கிவிட்டுப் போன சேறு.

அந்த வருஷப் பருவம் முடிந்தது. கடைசி ஆட்டத்தில் கோரைக்கரை அணி கரடிகளிடம் தோற்றுப்போனது. மறுநாள் காலையில் மரத்தில் கரடிகளின் கொடி உச்சியில் தொங்கியது. அதற்கு அடுத்த கிளையில் கோரைக்கரையின் கொடி. அதற்குக் கீழே காட்டுப்பன்றிகள், அப்புறம் மிளா மான்கள், எல்லோருக்கும் அடியில் செந்நாய்கள்.

கோரைக்கரை அணியில் முயல்களும் கீரிகளும்தான். கரைக்குத் தலைவன் வேலப்பன் என்ற முள்ளம்பன்றி. அவனுக்கு ஆட ஆசைதான். ஆனால் பந்து அவன் முதுகில் குத்திக்கொண்டு நின்றுவிடும். அதைப் பிடுங்கவே பாதி ஆட்டம் போய்விடும். அதனால் ஆடுவதை விட்டுவிட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டான்.

கரடிகள் குடித்துப் போனபின் கோரைக்கரை விலங்குகள் மடுவில் இறங்கின. தண்ணீர் தெளிவாக இருந்தது. வேலப்பன் வயிறு நிறையக் குடித்துவிட்டு நிமிர்ந்தான். பக்கத்தில் சிங்காரம் என்ற மயில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றது.

"தலைவரே, பாருங்க. கரடி முடி மிதக்குது."

"ஒதுக்கிட்டுக் குடி சிங்காரம்."

"எத்தனை நாளைக்கு ஒதுக்கறது? இதைக் கேக்க ஆளில்லையா இந்தக் கரையில?"

குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். சிங்காரத்துக்கு அது போதும். தோகையை ஒருமுறை உதறிக்கொண்டது.

"நான் யாரையும் குறை சொல்லலை. மரத்தைப் பார்த்துப் பேசறேன். நமக்கு மேல யாரு? கரடி. கரடியை நாம ஜெயிச்சோமா? இல்லை. நமக்குக் கீழ யாரு? பன்னி, மிளா, செந்நாய். நாம ஜெயிச்சதெல்லாம் யாரை? அவங்களைத்தான். ஆகக்கூடி, பேச்சியக்கா கீழ இருக்கறவங்களைத்தான் ஜெயிச்சுக் குடுத்திருக்காங்க. மேல இருக்கறவங்களை ஒரு தடவைகூட இல்லை. கீழ இருக்கறவனை ஜெயிக்க ஒரு பயிற்சியாளர் வேணுமா? அதுக்கு நானே போதுமே."

பேச்சி என்பது அணிக்குப் பயிற்சி தந்த உடும்பு. பெயர்தான் பேச்சி, வாய் திறப்பது குறைவு. பயிற்சி நேரத்தில் புற்றின் மேல் படுத்துக்கொண்டு வாலால் தட்டும். அந்தத் தட்டு எதற்கென்று முயல்களுக்கும் கீரிகளுக்கும் தெரியும்.

வேலப்பன் அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். மயில் சொன்னதில் ஒரு பிசகும் தெரியவில்லை. மேலே இருந்தவர்களை வென்றதில்லை. வென்றவர்கள் எல்லாம் கீழேதான் தொங்கினார்கள். கணக்கு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

"வேற ஆளைப் பார்க்கலாம்னு சொல்றியா?" என்றான்.

"நான் எதுவும் சொல்லலை. மரம் சொல்லுது."

முயல்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. சாயங்காலம் கரைக்கூட்டத்தில் முடிவு செய்வது என்று ஆயிற்று. பயிற்சியாளர் பதவி போனால் கோரைக்கரையில் தங்கவும் கூடாது. அணியின் சூட்சுமம் தெரிந்தவர் சும்மா கரையில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அந்த ஏரியின் வழக்கம்.

வேலப்பன் தானே போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று புற்றுக்குப் போனான். பேச்சி வெயிலில் படுத்திருந்தது.

"அக்கா, சாயங்காலம் கூட்டம் வச்சிருக்கோம். உங்களைப் பத்தித்தான்."

"சொன்னாங்க."

"கரடிங்ககிட்ட தோத்ததுல எல்லாருக்கும் கொஞ்சம் வருத்தம்."

"எனக்கும்தான் வருத்தம்," என்றது பேச்சி. "கடைசி ஆட்டத்துல கீரிங்களை முன்னாடி அனுப்பியிருக்கக் கூடாது. அது என் தப்பு."

அவ்வளவு சொல்லிவிட்டு வெயிலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டது. தான் செய்ததை எடுத்துச் சொல்லும் என்று வேலப்பன் எதிர்பார்த்து வந்திருந்தான். அது நடக்காததால் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு திரும்பினான்.

உச்சி வெயிலில் வேலப்பனின் வளைக்கு ஒரு விருந்தாளி வந்தது. காட்டுப்பன்றிகளின் தலைவன் கொம்பையா. உடம்பெல்லாம் காய்ந்த சேறு. வளைக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்தது.

"வேலப்பா, ஒரு விஷயம் காதுல விழுந்துச்சு. பேச்சியை அனுப்பறீங்களாமே?"

"இன்னும் முடிவாகலை."

"முடிவானதும் சொல்லி அனுப்பு. நாங்க கூட்டிக்கறோம். எங்க மேட்டுல நல்ல புற்றா ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கோம்."

வேலப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. "உங்களுக்கு எதுக்கு அவங்க? சின்ன அணிகளை ஜெயிக்கத்தான் அவங்களுக்குத் தெரியும்."

கொம்பையாவின் முதுகு மயிர் எழுந்து நின்றது. "யாரைச் சின்ன அணிங்கறே?"

"கோவிச்சுக்காதீங்க. மரத்தைப் பாருங்க. நீங்க எங்களுக்குக் கீழதானே தொங்கறீங்க?"

"தொங்கறோம். எங்களைக் கீழ இறக்கினது யாரு?"

வேலப்பன் வாசலுக்கு வந்து மரத்தை எட்டிப் பார்த்தான்.

"உன் முயலுங்களோட ஆட வந்த அன்னிக்குக் காலையில எங்க கொடி எங்க இருந்துச்சு? இப்ப உன் கொடி தொங்குதே, அதே கிளையில. ரெண்டாவது கிளை. எத்தனையோ வருஷமா அங்கதான் இருந்தோம். உங்க கொடி அன்னிக்கு மூணாவது கிளைல. நாங்க சிரிச்சுக்கிட்டேதான் வந்தோம். அந்தம்மா என்ன பண்ணுச்சு? பந்தை எப்பவும் மடு ஓரமாவே உருட்ட வச்சுது. மேல காய்ஞ்ச மண்ணு, கீழ சேறு. முயலு ஓடுனா தாங்குது. நான் ஓடுனா முழங்கால் வரைக்கும் போயிடுச்சு. ஒவ்வொரு காலா இழுத்துக்கிட்டு நிக்கறேன், பந்து என் வயித்துக்கு அடியில போகுது." அதை நினைத்ததும் கொம்பையாவுக்கே சிரிப்பு வந்தது. "சேத்துலயே பொறந்து வளர்ந்தவன் நான். என்னையே சேத்துல மாட்ட வச்சுது பாரு. அன்னிக்கு முடிவு பண்ணேன், ஆடினா இந்தம்மாகிட்டதான் ஆடணும்னு."

கொம்பையா எழுந்து உடம்பை உதறியது. காய்ந்த சேறு வேலப்பனின் மேல் கொட்டியது.

"நீ யோசிச்சுச் சொல்லு. நான் நேராப் போய் அதுகிட்டயே கேட்டுக்கறேன்."

பன்றி போனபின் வேலப்பன் வளையில் இருக்க முடியாமல் மருதமரத்துக்கு ஓடினான். அழகுமணி ஒரு கவட்டையில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"அழகுமணி, செந்நாய்ங்களோட நாங்க ஆடின அன்னிக்குக் காலையில அவங்க கொடி எந்தக் கிளைல இருந்துச்சு?"

"மூணாவதுல."

"எங்க கொடி?"

"அடியில. அதுக்குக் கீழ கிளையே கிடையாது, இருந்திருந்தா அங்கதான் கட்டியிருப்பேன்," என்றது அழகுமணி, கண்ணைத் திறக்காமலே. "நீங்க ஜெயிச்சீங்க, நாய்ங்க அடிக்கு வந்துச்சு. அப்புறம் பன்னிங்களை ஜெயிச்சீங்க, அவங்க ஒரு கிளை இறங்கினாங்க. என் வேலைக்கு உங்களால ஓய்வே இல்லை."

வேலப்பன் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

செந்நாய்களோடு நடந்த அந்த ஆட்டம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. செந்நாய்கள் சீழ்க்கை அடித்துப் பேசிக்கொள்ளும். ஒன்று அடித்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். அந்த வேகத்துக்கு முன் யாரும் நின்றதில்லை. பேச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டது. ஆட்டத்தைக் காலையில் வைக்க வேண்டாம், உச்சிப்பொழுதில் வைக்கலாம் என்றது. வெயிலில் வாட்டி எடுக்கப் பார்க்கிறது என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். உச்சிப்பொழுதில் கரை மரங்களில் சிள்வண்டுகள் கத்தத் தொடங்கின. காது அடைத்துப்போனது. ஒரு செந்நாயின் சீழ்க்கை இன்னொன்றுக்குக் கேட்கவில்லை. ஆளுக்கொரு திசையில் ஓடின. அன்று வேலப்பன் குதித்த குதியில் இரண்டு முட்கள் உதிர்ந்தன.

அவ்வளவு பெரிய வெற்றி எப்படிச் சின்னதாகப் போனது? கொடி இறங்கியதும் செந்நாய்கள் கீழே போயின. கீழே போனதும் அவற்றை வென்றது ஒரு பொருட்டாக இல்லாமல் போனது. வென்ற ஒவ்வொரு நாளும் பேச்சி தன் வெற்றியைத் தானே சின்னதாக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றும் நினைவுக்கு வந்தது. போன கோடையில் இதே மடுவில் அவன் சேற்றை வடிகட்டிக் குடித்தான். குட்டிகளுக்கு வயிறு வீங்கிக் கிடந்தது. இன்று காலை தெளிந்த நீரைக் குடித்துவிட்டு, அந்த ஈரம் வாயில் காய்வதற்குள், அதைத் தந்தவளை அனுப்பலாமா என்று யோசித்திருக்கிறான்.

சாயங்காலம் கூட்டம் கூடியது. வேலப்பன் அழகுமணியைக் கூப்பிட்டு, செந்நாய் ஆட்டத்துக்கு முந்தி இருந்தபடி கொடிகளைக் கூட்டம் முடியும்வரை மட்டும் கட்டச் சொன்னான். அது முனகிக்கொண்டே கட்டியது. கோரைக்கரையின் கொடி அடிக்கிளையில் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவு உயரத்தில் செந்நாய்களும், அதற்கும் மேலே பன்றிகளும் தொங்கியது அவர்களுக்கு மறந்தே போயிருந்தது.

"அப்ப மேல இருந்தாங்க, சரி," என்றது சிங்காரம். "இப்ப இல்லையே."

"இப்ப ஏன் இல்லை சிங்காரம்?"

சிங்காரம் தோகையை மடக்கிக்கொண்டது. பிறகு, "கரடி?" என்றது மெதுவாக.

"கரடிகிட்ட தோத்தோம். அதை நான் மறைக்கலை. அவங்க நம்மளை விட நல்லா ஆடினாங்க. ஆனா அடிக்கிளைல இருந்தப்ப நமக்குக் கரடியோட ஆடற வாய்ப்பாவது இருந்துச்சா? கரடிகிட்ட தோக்கற இடத்துக்கு நம்மளைக் கொண்டுவந்ததே பேச்சியக்காதான்."

ஒரு முயல் முதலில் எழுந்தது. அதன் பின்னால் கீரிகள். யாரும் முடிவு என்று சொல்லவில்லை. எல்லோரும் புற்றை நோக்கி நடந்தார்கள். வேலப்பன் முட்கள் சலசலக்க முன்னால் ஓடினான். கொம்பையா தனக்கு முன்பே அங்கே போயிருக்கும் என்ற பயம்.

போயிருந்தது. புற்றின் அடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. பேச்சி மேலே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

வேலப்பனுக்கு மூச்சு வாங்கியது. இருங்கள் என்று கேட்கத்தான் வந்தான். ஆனால் அதை முதலில் கேட்பது சரியில்லை என்று தோன்றியது.

"அக்கா, காலையில தெளிஞ்ச தண்ணி குடிச்சேன். என் குட்டிங்களும் குடிச்சுது. அது உங்களால. அதைச் சொல்லாம வேற என்னென்னவோ பேசிட்டேன். நீங்க பன்றிமேட்டுக்குப் போனாலும், இதைச் சொல்லிட்டுத்தான் உங்களை அனுப்பணும். ரொம்ப நன்றி அக்கா." கொஞ்சம் நிறுத்தினான். "இருந்தா இன்னும் சந்தோஷம்."

பின்னால் வந்த முயல்கள் காதுகளைத் தாழ்த்திக்கொண்டு நின்றன.

பேச்சி நாக்கை ஒருமுறை நீட்டி உள்ளே இழுத்தது.

"கரடிங்க இடது பக்கம் திரும்பறதுக்கு நேரமாகுது," என்றது. "கடைசி ஆட்டத்துல பார்த்தேன். அடுத்த பருவத்துல அந்தப் பக்கமாப் போய்ப் பார்க்கலாம்."

கொம்பையா பெருமூச்சு விட்டது. "அப்ப வரமாட்டே. இதையாவது என் முன்னாடி சொல்லாம இருந்திருக்கலாம்."

"கரடியைப் பத்தித்தானே சொன்னேன் கொம்பையா. உங்களைப் பத்தின விஷயம் நீங்க போனப்புறம் சொல்லிக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையாவும் சிரித்துக்கொண்டே தன் மேட்டுக்கு நடந்தது.

மறுநாள் காலை கோரைக்கரையின் முறை வந்தபோது யாரும் மடுவில் இறங்கவில்லை. வழி விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். சிங்காரமே ஓடிப்போய், மிதந்த கரடி முடியைத் தோகையால் ஒதுக்கியது. பேச்சி மெல்ல இறங்கி வந்து, தெளிந்த நீரில் முதல் வாயைக் குடித்தது.

ஒருவர் நமக்குத் தேடித்தந்த வெற்றியை, தோற்றவர் இன்று கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து அளக்காமல், மோதிய அன்று அவர் நின்ற உயரத்தைப் பார்த்து அளப்பவரே நன்றி மறவாதவர்.