செம்பியின் பல் விழுந்தது

காட்டோடைக் கரையில், மூங்கில் புதருக்குப் பின்னால் இருந்த குகையில் மூன்று செந்நாய்க் குட்டிகள் வளர்ந்துவந்தன. செம்பி மூத்தவள். அடுத்தவன் வேங்கன். சுள்ளான் கடைக்குட்டி. அவர்களுடைய தாய் மருதி, கூட்டத்தோடு வேட்டைக்குப் போய் ஆளுக்கொரு துண்டு மான் இறைச்சி கொண்டுவந்து போடுவாள்.

ஒருநாள் செம்பி தனியாக உட்கார்ந்து எலும்பு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வாய்க்குள் 'மளுக்' என்றது. ஏதோ உருண்டது. துப்பிப் பார்த்தாள்.

பல்! அவளுடைய சொந்தப் பல்!

செம்பி பதறி எழுந்தாள். ஓடைக்கு ஓடினாள். தண்ணீரில் வாயைத் திறந்து பார்த்தாள். முன்பக்கத்தில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ரத்தம்.

"ஐயையோ!"

கத்தியது செம்பி அல்ல. அக்கரையில் தண்ணீர் குடிக்க வந்திருந்த நரி.

"கண்ணு, உனக்கா இந்தக் கதி? இது பல்லுதிர் நோய் ஆயிற்றே!"

"நோயா? நரி மாமா, இப்போது என்ன ஆகும்?"

"என்ன ஆகுமா? ஒவ்வொன்றாக எல்லாப் பல்லும் விழும். பல் இல்லாத செந்நாயை எந்தக் கூட்டம் வைத்துக்கொள்ளும்? விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்! இந்தக் காட்டிலேயே இந்த நோய் உனக்கு ஒருத்திக்குத்தான் வந்திருக்கிறது. வெளியே மூச்சு விடாதே!"

"அம்மாவிடமுமா?"

"முக்கியமாக அம்மாவிடம்! அவள்தான் முதலில் தலைவரிடம் போய்ச் சொல்லுவாள்."

செம்பி அழுதாள். நரி குரலைத் தாழ்த்தியது.

"அழாதே. ஒரு வழி இருக்கிறது. இறைச்சி பட்டால்தான் இந்த நோய் முற்றும். உன் பங்கைத் தினமும் காலையில் கறையான் புற்றுக்குக் கொண்டுவா. நான் மந்திரம் சொல்லிப் புதைத்துவிடுகிறேன். பல் விழுவது நின்றுவிடும்."

அன்றிலிருந்து செம்பி தன் பங்கைக் கவ்விக்கொண்டு நழுவிவிடுவாள். அகப்பட்ட வெட்டுக்கிளிகளை அப்படியே விழுங்குவாள். யாரிடமும் வாய் திறந்து பேசமாட்டாள். ஆனாலும் பற்கள் விழுந்துகொண்டேதான் இருந்தன. விழும்போதெல்லாம் அவளுக்கு உயிரே போய்விடும்போல் இருக்கும். விழுந்த பல்லை மண்ணைத் தோண்டி மறைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் குகைக்குத் திரும்புவாள்.

அவளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. தம்பிகளும்கூட இளைத்துப்போய் மூலைக்கு ஒருவராகச் சுருண்டு கிடந்தார்கள். தன் கவலையில் இருந்த செம்பி அதைக் கவனிக்கவில்லை. மருதி மட்டும் மூவரையும் மாறிமாறி நக்கிப் பார்த்துத் தவித்தாள்.

கோடை வந்தது. ஓடை வற்றத் தொடங்கியது. கூட்டத்தின் தலைவர் கருவாலன் ஒரு மாலையில் குகை வாசலுக்கு வந்தார்.

"மருதி, மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். தண்ணீர் முடிந்துபோகிறது. நாளைக் காலையில் புறப்படுகிறோம்."

"என் குட்டிகள்?"

"நிற்கவே தெம்பு இல்லாதவர்கள் மலை ஏறுவார்களா? எனக்கு மட்டும் ஆசையா? அவர்களுக்காக நின்றால் மொத்தக் கூட்டமும் தாகத்தில் செத்துப்போகும். விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்."

"ஐயோ, என் வயிற்றில் பிறந்ததை எப்படி விட்டுவிட்டு வருவேன்!" மருதி அலறினாள்.

குகைக்குள் படுத்திருந்த செம்பி துள்ளி எழுந்தாள். நரி மாமா சொன்னது அப்படியே நடக்கிறதே! அம்மா கொண்டுவந்து போட்டிருந்த இறைச்சியைக் கவ்விக்கொண்டு, பின்பக்கத்துப் பொந்து வழியாகப் புற்றை நோக்கி ஓடினாள். இதையும் புதைத்துவிட்டால் நாளைக்குள் பல் முளைத்துவிடாதா?

புற்றடியில் நரி இல்லை. தலைவர் பேச்சைக் கேட்டு அவளுக்கு முன்பே ஓடிவந்த வேங்கன் நின்றிருந்தான். அவன் வாயிலும் இறைச்சி!

இருவரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தார்கள். அதற்குள் புதருக்குள் சலசலப்பு. சுள்ளான் தள்ளாடித் தள்ளாடி வந்தான். அவன் வாயிலும் இறைச்சி!

"நீ எதுக்குடா இங்கே வந்தாய்?" சுள்ளானைப் பார்த்துச் செம்பி கத்திவிட்டாள். இறைச்சி கீழே விழுந்தது. ஓட்டை வாய் வெட்டவெளிச்சமானது.

வேங்கன் அதிர்ந்து பின்வாங்கினான். அவன் வாயிலிருந்ததும் விழுந்தது. அங்கேயும் ஓட்டை!

"உனக்குமா?"

"உனக்குமா?"

"எனக்கும்தான்!" என்று சுள்ளான் வாயைப் பிளந்து காட்டி 'ஓ'வென்று அழுதான். "என் ஒருத்தனுக்குத்தான் என்று நரி மாமா சொன்னாரே! என்னை மாலையில் வரச் சொன்னார்!"

"என்னை மத்தியானம்!"

"என்னைக் காலையில்!"

 செம்பி சுள்ளானின் வாய்க்குள் உற்றுப் பார்த்தாள்.

"சுள்ளான், அசையாதே! அந்த ஓட்டையில் வெள்ளையாக என்னவோ எட்டிப் பார்க்கிறது!"

வேங்கன் தன் ஈறை நாக்கால் தடவினான். சுருக்கென்று குத்தியது. "எனக்கும் இருக்கிறது! முன்னைவிடக் கூர்மையாக!"

செம்பி புற்றைச் சுற்றிப் பார்த்தாள். புதைத்த குழி எங்கேயும் இல்லை. மென்று துப்பிய எலும்புகள்தான் குவிந்து கிடந்தன.

அந்த நேரம் பார்த்து நரி தொப்பையை ஆட்டிக்கொண்டு வந்தது. "என்ன சுள்ளான் கண்ணு, கொண்டுவந்தாயா?" என்றபடி புற்றைச் சுற்றித் திரும்பியது. மூன்று குட்டிகளும் வாயை அகலத் திறந்து உறுமினார்கள். விழுந்த பற்களின் இடத்தில் புதுப் பற்கள் பளபளத்தன.

 நரி திரும்பி ஓடப் பார்த்தது. தின்று பெருத்த உடம்பு ஓடவிடவில்லை. செம்பி அதன் பின்னங்காலை ஒரே கவ்வாகக் கவ்வினாள்.

"ஐயோ! இது எந்தப் பல்?"

"புதுப் பல்!" என்றாள் செம்பி, வாயை எடுக்காமலே. நரி காலை உதறி விடுவித்துக்கொண்டு, நொண்டியபடி காட்டுக்குள் மறைந்தது.

குட்டிகள் இறைச்சியோடு குகைக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார்கள். கேட்ட மருதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பல் விழுந்ததற்கா இத்தனை நாள் பட்டினி கிடந்தீர்கள்? அடப்பாவமே! எனக்கும்தான் விழுந்தது. தலைவருக்கும் விழுந்தது. பால் பல் விழாமல் யாருக்குடா புதுப் பல் முளைத்தது?"

"நீ ஏன் அம்மா முன்னாலேயே சொல்லவில்லை?" என்று செம்பி கேட்டாள்.

மருதி தலை குனிந்தாள். "நீங்கள் பயந்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லையே."

கருவாலன் குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்தார்.  "இது நோய் இல்லை, பட்டினிதான்; சில நாளில் தேறிவிடுவீர்கள். ஓடையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. அது வற்றும்வரை காத்திருப்போம். வயிறாரச் சாப்பிடுங்கள்" என்றார்.

ஓடையின் கடைசிக் குட்டை வற்றிய அன்று கூட்டம் மலை ஏறியது. சுள்ளான் இரண்டு இடத்தில் விழுந்தான். இரண்டு இடத்திலும் செம்பி அவன் பிடரியைக் கவ்வித் தூக்கி நிறுத்தினாள். பொழுது சாய்வதற்குள் மூவரும் அம்மாவோடு மலையைத் தாண்டிவிட்டார்கள்.

நம் பயத்தை நம்மவர்களிடம் மறைத்தால், அதை மோப்பம் பிடித்து வருகிற ஏமாற்றுக்காரனுக்கு நாம் இரையாகிவிடுவோம்.